தெரு வாறுகால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறினால்: அடைப்பா, மட்டமா?

கேள்வி: ஐயா, பாளையங்கால்வாய்க்குப் பக்கத்தில், முன்பு வயலாக இருந்ததைப் பிளாட் போட்ட நகர் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கட்டிப் பதினான்கு வருடம் ஆகிறது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் அத்தையும் இரண்டு பிள்ளைகளும்தான். அடுக்களை சிங்க்கில் தண்ணீர் வருடம் முழுக்க மெதுவாகத்தான் இறங்கும். தெருவில் இரண்டு முறை தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. அதிலிருந்து ஐப்பசி மழையில் வாறுகால் (தெருச் சாக்கடை) நிறைந்ததும் குளியலறைத் தரை ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வருகிறது. புறவாசலில் துவைக்கிற கல்லைச் சுற்றி, மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் தண்ணீர் நிற்கிறது. போன வருடம் அத்தைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பிளம்பர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் குளியலறையை உடைத்துக் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். கொத்தனார் உறிஞ்சுகுழி தோண்டலாம் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, இடிசல் (கட்டட இடிபாடு) அடித்துப் புறவாசலை உயர்த்திவிடு என்கிறார். செப்டிக் டேங்கை வீடு கட்டியதிலிருந்து திறந்ததே இல்லை. இறங்கிச் சுத்தம் செய்ய இரண்டு பேர் குறைந்த கூலிக்கு வருகிறோம் என்கிறார்கள். எதை முதலில் செய்வது? (பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி விஷயத்திலிருந்து தொடங்குகிறேன் அம்மா. மற்ற எதையும் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். இதில் தவறு நடந்தால் திருத்த வழியே இல்லை.

செப்டிக் டேங்குக்குள் யாரையும் இறக்காதீர்கள். வருகிறவர்கள் எவ்வளவு அனுபவசாலிகளாக இருந்தாலும் சரி. பதினான்கு வருடம் மூடிக்கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தங்கியிருக்கும். மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘வாடை போயிடுச்சு, இறங்கலாம்’ என்று தோன்றுகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்து இறந்துபோன செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மூடியை இரண்டு மணி நேரம் திறந்துவைத்தால் போதும் என்பார்கள், போதாது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பார்கள். மீத்தேன் அதில் பற்றிக்கொள்ளும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவதையும் சேர்த்தே தடுக்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்தும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். கூலியில் மிச்சப்படும் சில ஆயிரத்துக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிரை நாம் பணயம் வைக்கக் கூடாது. உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். 14420 என்ற எண்ணில் கேட்கலாம். மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் உரிமம் பெற்ற லாரிகளின் விவரம் கிடைக்கும். லாரிக்காரர் கழிவை எங்கே கொண்டுபோய் இறக்குகிறார் என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். இருட்டியதும் ஏதாவது ஓடையிலோ கால்வாயிலோ திறந்துவிட்டால், தாமிரபரணியை நம்பிக் குடிக்கிற அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும்.

ஆனால் லாரியையும் இந்த மழைக்குள் கூப்பிட வேண்டாம் என்பது என் யோசனை. கழிப்பறையில் தண்ணீர் தேங்கினால் ஒழிய அவசரமில்லை. இப்போது உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மேலே இருக்கும். செங்கல் தொட்டி என்றால், காலி செய்த உடனே வெளியிலிருந்து கசிந்து திரும்ப நிறைந்துவிடும். நிலத்தடி நீரின் அழுத்தத்தில் தளம் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. பிளாஸ்டிக் தொட்டி என்றால் காலியானதும் மிதந்து மேலே வரப் பார்க்கும். பங்குனிக்குப் பிறகு, கால்வாயில் தண்ணீர் வரத்து நின்ற பின் உறிஞ்சி எடுங்கள். எடுத்ததும் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும்.

சரி, இனி தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு யோசனை சொன்ன நான்கு பேரும் வீட்டில் ஒரே ஒரு கோளாறு இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. சிங்க் வருடம் முழுக்க மெதுவாக இறங்குகிறது, அது அடைப்பு. குளியலறையில் மழை நாளில் மட்டும், தெரு நிறைந்த பிறகு மட்டும் தண்ணீர் ஏறுகிறது, அது மட்டம். புறவாசலில் நிற்பது மண்ணும் வாட்டமும் (தரையின் சரிவு) சேர்ந்த பிரச்சினை. அடைப்புக்குச் செய்கிற வைத்தியத்தை மட்டத்துக்குச் செய்தால் பணம் போகும், தண்ணீர் போகாது. குளியலறைக் குழாய் முழுவதையும் மாற்றிப் பளபளவென்று புதிதாகப் போட்டாலும், தெரு வாறுகாலின் தண்ணீர் உங்கள் தரையைவிட உயரத்தில் நின்றால் அது புதுக் குழாய் வழியாகவும் வரத்தான் செய்யும்.

நான் ஊகிப்பது சரிதானா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மழை இல்லாத ஒரு நாள் காலையில், வெளிச் சுவரோரம் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சேம்பர்களின் சிமெண்ட் மூடியைக் கொத்தனாரை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். கம்பியால் நெம்பித்தான் திறக்க வேண்டும்; பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்து சிங்க்கில் ஊற்றுங்கள். சிங்க் நிறைந்து நிற்கும்போது சேம்பருக்கு ஒரு துளியும் வரவில்லை என்றால் அடைப்பு சிங்க்குக்கும் சேம்பருக்கும் நடுவில் இருக்கிறது. சேம்பரே நிறைந்து நின்றால் அடைப்பு அதற்கு அப்பால் தெருப் பக்கம். இதே போல் குளியலறையிலும் ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் எந்தக் குழாய் வழியாக எந்தச் சேம்பருக்கு வருகிறது என்று ஒரு தாளில் படம் வரைந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களிடம் இந்தப் படம் இருப்பதே இல்லை. அதனால்தான் வருகிற ஒவ்வொரு பிளம்பரும் புதிதாக ஓர் இடத்தை உடைக்கிறார்.

அடுத்து டியூப் லெவல். கொத்தனாரிடம் இருக்கும், உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்தான். ஒரு முனை குளியலறை ஜாலியிலும் மறுமுனை தெரு வாறுகாலிலும் இருக்கட்டும். வாறுகால் சுவரில் மழைக்காலத் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதற்குக் கறை படிந்திருக்கும். அந்தக் கறைக்கோடு ஜாலியைவிட மேலே இருந்தால் முடிந்தது, இது அடைப்பு இல்லை. எத்தனை அங்குலம் மேலே என்பதை எழுதிவையுங்கள். ரோட்டின் உயரத்தையும், உங்கள் கடைசிச் சேம்பரிலிருந்து வெளியே போகும் குழாயின் அடிமட்டத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: மழை இல்லாத நாளிலும் வாறுகாலில் தண்ணீர் நகராமல் நின்றால், கீழே எங்கோ பாலத்தடியிலோ சிலாப்புக்கு அடியிலோ மண் மேடிட்டிருக்கிறது. அது மாநகராட்சி தூர்வார வேண்டிய வேலை.

மட்டம்தான் காரணம் என்று உறுதியானால், செய்ய வேண்டிய முதல் வேலையைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மொட்டை மாடி மழைக்குழாய் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். இந்த மாதிரி நகர்களில் பல வீடுகளில் அது குளியலறைக் கழிவு போகும் அதே சேம்பரில்தான் சேர்க்கப்பட்டிருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. அத்தனையும் ஒரு நாலு அங்குலக் குழாய் வழியாக, ஏற்கெனவே நிறைந்து நிற்கும் வாறுகாலுக்குள் போகப் பார்க்கிறது. போக முடியாதபோது அது திரும்பி வரும் மிகத் தாழ்ந்த வாய் உங்கள் குளியலறை ஜாலிதான். வெளியே தெரு வாறுகால் நிறைந்திருப்பது பாதிக் காரணம், உங்கள் மாடித் தண்ணீரே மீதிக் காரணமாக இருக்கலாம். அந்தக் குழாயைச் சேம்பரிலிருந்து வெட்டிப் பிரித்துத் தனியாக முன்வாசல் வழியே தெருவுக்கு வாட்டம் கொடுத்துவிடுங்கள். பழைய கிணறு இருந்தால், வடிகட்டிக் குழி வைத்து அதில் விடலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். ஆனால் சேகரிப்பு என்று சொல்லிக் கழிவுநீர்ச் சேம்பரில் கோத்துவிட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன.

மழைக்குழாயைப் பிரித்த பிறகுதான் வால்வு. கடைசிச் சேம்பருக்கும் தெருவுக்கும் நடுவில், 110 மில்லிமீட்டர் குழாய்க்குப் பொருந்தும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வைக்கலாம். உள்ளே ஒரு நாக்கு இருக்கும். நம் தண்ணீர் வெளியே போகத் திறக்கும், தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் அடைத்துக்கொள்ளும். இதை மண்ணுக்குள் புதைக்காமல், மூடி திறந்து கையால் எட்டும்படி தனிச் சேம்பருக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பால் கவரோ துணித் துண்டோ மாட்டினால் நாக்கு பாதியில் நின்றுவிடும், வால்வு இருந்தும் இல்லாதது போலத்தான். புரட்டாசியில் ஒரு முறையும், மழை தொடங்கிய பின் மாதம் ஒரு முறையும் கையுறை போட்டுக்கொண்டு துடைத்துவிடுங்கள். வால்வு அடைத்திருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது என்பதை மறக்க வேண்டாம். மாடித் தண்ணீரை முதலில் பிரிக்கச் சொன்னதும் அதனால்தான். அந்தச் சில மணி நேரம் குளிப்பதையும் துவைப்பதையும் தள்ளிவைத்தால் போதும்.

வால்வு வைக்கும்வரை, இந்த வாரமே செய்ய ஒரு வழி இருக்கிறது. ஜாலியைக் கழற்றிவிட்டு, அதற்கடியில் உள்ள நானி டிராப் என்ற கிண்ணத்தின் வாய்க்குள் ரப்பர் வாஷரோடு இறுக்கமாகப் பொருந்தும் இரண்டடிக் குழாய்த் துண்டைச் செங்குத்தாகச் செருகி நிறுத்துங்கள். தெருத் தண்ணீர் தரையில் பரவாமல் அந்தத் துண்டுக்குள்ளேயே ஏறி, தெரு மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். மழை விட்டதும் எடுத்துவிடலாம். அது கிடைக்காவிட்டால், கெட்டியான பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பிக் கட்டி ஜாலி மேல் வைத்தாலும் சிறிய ஏற்றத்தைத் தாங்கும். ஒரு வாயை அடைத்தால் தண்ணீர் அடுத்துத் தாழ்ந்த வாயைத் தேடும். துவைக்கிற இடத்து ஜாலியையும் தரைமட்டக் கழிப்பறைக் கோப்பையையும் கண்காணியுங்கள்.

இவையெல்லாம் சாதாரண ஐப்பசி, கார்த்திகை மழைக்கான யோசனைகள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானதே, அப்படி ஒரு மழைக்கு எந்த வால்வும் நிற்காது. அன்றைக்குச் செய்ய வேண்டியது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அத்தையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாடிக்கோ மேட்டுக்கோ போவதுதான்.

தெருக் கறைக்கோடு உங்கள் தரையைவிட அரை அடிக்கும் மேலே இருந்தால், வால்வோடு நிற்காமல் குளியலறைத் தளத்தை மட்டும் உயர்த்துவதை யோசிக்கலாம். உடைக்க வேண்டாம், பழைய தளத்தின் மேலேயே புதிய டிராப் வைத்து உயர்த்தலாம். வாசலில் ஒரு படி வரும், கதவின் அடியைக் கொஞ்சம் அறுக்க வேண்டியிருக்கும். அத்தைக்கு ஏறி இறங்கச் சிரமம் இல்லாமல் படி தாழ்வாகவும் சுவரில் ஒரு கைப்பிடியும் இருக்கட்டும். தொட்டி கட்டி மோட்டார் வைத்துக் கழிவுநீரைத் தெருவுக்கு ஏற்றும் முறையும் உண்டு. மழை நாளில் கரண்ட் போகும், அன்றைக்குத்தான் மோட்டார் வேண்டியிருக்கும்; அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சிங்க். இது சுலபம். சிங்க்குக்கு அடியில் உள்ள டிராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே வாளி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கசடு இருக்கும். நம் அடுக்களையிலிருந்து போகிற வடிகஞ்சி, தோசைமாவுச் சட்டி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்தது அது. போர்த் தண்ணீர் பயன்படுத்தினால் அதன் உப்பும் சோப்பும் சேர்ந்து வெள்ளைப் படலமாகக் குழாயின் உள்சுவரில் ஏறும். டிராப்பைக் கழுவி மாட்டியும் தண்ணீர் இறங்கவில்லை என்றால், அடைப்பு சுவருக்குள் போகும் குழாயில். சேம்பர் பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஸ்பிரிங் கம்பியோ மூங்கில் பிளாச்சோ விட்டுக் குத்துங்கள். மேலிருந்து குத்தினால் கசடு இன்னும் இறுகத்தான் செய்யும்.

குத்திச் சரியான பிறகும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் வாட்டம் போதவில்லை. பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குலம் இறக்கம் இருப்பது நல்லது, இரண்டு அங்குலத்துக்குக் குறையவே கூடாது. செங்கோணமாகத் திரும்பும் எல்போ வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு இரண்டு 45 டிகிரி பெண்டு வைக்கச் சொல்லுங்கள். திருப்பத்தில் திறக்கும் மூடியுள்ள டோர் பெண்டு இருந்தால் அடுத்த முறை ஆளே வேண்டாம். சுவரோரம் தென்னையோ வேம்போ நின்றால், குழாய் இணைப்பு வழியாக நார் வேர் உள்ளே புகுந்து வலை பின்னியிருக்கும். அதற்குக் கம்பி போதாது, அந்த இணைப்பைத் தோண்டிப் புதிதாக மாட்ட வேண்டும்.

நெல்லை டவுன் பக்கத்துப் பழைய வளவு வீடுகளில் அடுக்களையை ஒட்டி அங்கணம், அதாவது பாத்திரம் கழுவும் இடம், இருக்கும். திறந்த வாட்டம், ஈர்க்குமாற்றால் தினமும் ஒரு தள்ளு. சோறு நின்றால் கண்ணுக்குத் தெரியும், உடனே எடுப்பார்கள். நாம் எல்லாவற்றையும் குழாய்க்குள் மறைத்த பிறகு கண்ணுக்குத் தெரிவது கடைசியில்தான். அந்தத் தினசரிக் கவனத்தை வேறு விதத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும். சிங்க் வாயில் சல்லடை, எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் தாளால் துடைப்பது, வடிகஞ்சியை மாட்டுக்கோ செடிக்கோ ஊற்றுவது, இந்த மூன்றும் பழகிவிட்டால் பிளம்பர் வருவது குறைந்துவிடும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். எண்ணெய்க் கசடையும் முடியையும் அது பெரிதாகக் கரைப்பதில்லை. சேம்பரின் சிமெண்ட் பூச்சைத்தான் அரிக்கும். செப்டிக் டேங்குக்குப் போனால் அங்கே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். அதைவிட முக்கியமானது, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும்; கதவை மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கடையில் விற்கிற அடைப்பு நீக்கும் தூள் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அதன் மேல் ஆசிட் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளம்பர் ஊற்றுவதாகச் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், பிவிசி குழாய் இளகி இணைப்பு விட்டுப்போகும். கை பொறுக்கும் சூடு போதும்.

புறவாசலுக்கு வருவோம். உறிஞ்சுகுழி நல்ல ஏற்பாடுதான், மண் ஒத்துக்கொண்டால். பாளையங்கோட்டையிலேயே சரள் மேட்டில் கட்டிய வீடுகளில் அது நன்றாக வேலை செய்யும். சாத்தான்குளம், உவரிப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணில் ஊற்றினால் ஊற்றியபடி உறிஞ்சும். கோவில்பட்டிக் கரிசலில் கோடையில் வெடிப்பு வழியாகக் குடிக்கும், மழையில் மண் உப்பி மூடிக்கொள்ளும். உங்களுடையது வயல் மண். நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிற்க வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தொளி அடித்து (சேறாக உழுது) இறுக்கிய அடிமண் அது. தண்ணீரைக் கீழே விடாததுதான் அதன் குணம். போதாததற்குப் பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும்.

கொத்தனார் குழி தோண்டிக் காட்டுவது பெரும்பாலும் சித்திரையில். அப்போது எந்தக் குழியும் உறிஞ்சும். நீங்கள் கார்த்திகையில் சோதியுங்கள். ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் குழியில் தண்ணீர் அப்படியே நின்றாலோ, அடியிலிருந்து ஊறி வந்தாலோ உறிஞ்சுகுழிப் பேச்சை விட்டுவிடலாம். வடிந்திருந்தால் மறுபடி அரையடி நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணில் பயனில்லை. குடிநீர்க் கிணறோ போரோ 60 அடிக்குள் இருந்தாலும் கூடாது, அது பக்கத்து வீட்டுக் கிணறாக இருந்தாலும்.

அதற்குப் பதில், துவைக்கிற கல்லைச் சுற்றி ஒரு சிறிய சிமெண்ட் தளம் போட்டு விளிம்பு கட்டி, ஒரு பக்கமாக வாட்டம் கொடுங்கள். அந்தத் தண்ணீர் முதலில் ஒரு சிறிய கசடுத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து ஓரமாக வெட்டிய ஆழமில்லாத பாத்திக்குப் போகட்டும். பாத்தியில் வாழை, கல்வாழை, சேம்பு வையுங்கள். மூன்றும் தண்ணீரைத் தாராளமாகக் குடிப்பவை. சோப்புத் தண்ணீர் அவற்றுக்குப் பரவாயில்லை; பிளீச்சிங் கலந்ததை மட்டும் விடாதீர்கள். அடைமழை நாட்களில் பாத்தியும் நிறையும், அதனால் அதன் ஒரு முனை தெருப் பக்கம் வழியும்படி திறந்திருக்கட்டும். கசடுத் தொட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அள்ள வேண்டும், மூடி இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

இடிசல் அடித்து உயர்த்துவதில் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் புறவாசல் உயர்ந்தால் அந்தத் தண்ணீர் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போகும். அவர்கள் அடுத்த வருடம் உயர்த்துவார்கள். பள்ளங்களை மட்டும் மண் போட்டு நிரவி, தண்ணீர் ஒரே பக்கம் போகும்படி வாட்டம் எடுத்தாலே உங்கள் பாதித் தொல்லை தீரும். வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்புக்கு மேல் மண் ஏறினால் சுவர் ஓதம் காக்கும் என்பதையும் அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்.

அத்தையின் டெங்குவைப் பற்றி ஒரு வார்த்தை. புறவாசல் கறுப்புத் தண்ணீரில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். அதை ஒழிக்க வேண்டியதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரைத் தேடும், பகலில் கடிக்கும். அதனால் வீட்டுக்குள்ளும் மாடியிலும் தேடுங்கள்: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மூடி சரியில்லாத மாடித் தொட்டி, குடிதண்ணீர் பிடித்துவைக்கும் டிரம், பழைய ஆட்டுரல், சிரட்டை, பெயிண்ட் டப்பா, பூந்தொட்டித் தட்டு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். மாநகராட்சிப் பணியாளர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து விட வந்தால் தொட்டியைத் திறந்துவிடுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் உச்சியில் நைலான் வலை கட்டுங்கள், கொசு அதன் வழியாகத்தான் கூட்டமாக வெளியே வருகிறது. நிற்கும் தண்ணீரில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்வார்கள். மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும், வேண்டாம்.

பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு காயம் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். மழைக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தேங்கிய தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் வீட்டுக்குள் தீராத ஒரு பகுதி தெருவில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் வீடுகள் பள்ளத்தில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ஒப்பந்ததாரர் வரும் முன் அதைச் சுட்டிக்காட்டி மனு கொடுங்கள். பாளையங்கோட்டை மண்டல அலுவலகத்தில் ஒன்று, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று. ‘தண்ணீர் வருகிறது, நடவடிக்கை எடுக்கவும்’ என்று மட்டும் எழுதினால் ஓரமாகப் போய்விடும். டியூப் லெவலில் எடுத்த அளவுகளை எழுதுங்கள்: வாறுகால் கறைக்கோடு உங்கள் தரையைவிட எத்தனை அங்குலம் மேலே, ரோடு எத்தனை அங்குலம் மேலே. கறைக்கோட்டின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தை இணையுங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் மற்ற வீட்டுக்காரர்களிடமும் அதே அளவுகளை எடுத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு, வாறுகாலைத் தூர்வாரும் தேதியையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.